எங்கள் ஊர்ச் சேதியை யார் சொல்வது?

சித்தூர்க்காரன் என்று சொன்னதும், "அப்படியானால் நீங்கள் தெலுங்கா?" என்று கேட்கும் அன்பர்கள் நம் சங்கக் கூட்டங்களில் இன்றும் உண்டு. இல்லை, வீட்டில் தமிழ்தான் என்றால், "ஓ, அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா?" என்பது அடுத்த கேள்வி. முப்பது ஆண்டுகளாக இந்த சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இருக்கிறேன். பதில் சொல்லிச் சொல்லி மனப்பாடமே ஆகிவிட்டது. இங்கே எழுதி வைத்துவிட்டால் இனிமேல் கேட்பவர்கள் கையில் இந்த இதழைக் கொடுத்துவிடலாம்!

தொல்காப்பியப் பாயிரம் தமிழுலகின் வடக்கெல்லையாகச் சொல்வது வேங்கட மலையை. அந்த மலையின் அடிவாரத்தில் திருப்பதி. அங்கிருந்து தெற்கே இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் எங்கள் சித்தூர். ஆங்கிலேயர் காலத்தில் வடார்க்காடு மாவட்டத்துக்கே சித்தூர்தான் தலைநகரம். 1911 ஏப்ரல் 1 அன்று வடார்க்காட்டிலும் கடப்பையிலும் சில தாலுகாக்களை எடுத்துச் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். வடார்க்காட்டின் தலைநகர் வேலூருக்குப் போயிற்று. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்ததைத் தொடர்ந்து 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் சேர்ந்தது. "வேங்கடத்தை விடமாட்டோம்" என்று ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கர் தந்த எல்லைத் தீர்ப்பும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்குத் திருப்பிக் கொடுத்தன. திருப்பதியும் சித்தூரும் திரும்பவில்லை. 2022-இல் மாவட்டத்தை மறுபடி உடைத்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கிவிட்டார்கள். தமிழ் பேசும் குடும்பங்கள் எங்கும் போகவில்லை. நகரி, புத்தூர், குப்பம் பக்கம் போனால் ஒரே தெருவில் இரண்டு மொழியும் ஓடும். சண்டை வந்தால் மூன்றாவதாக உருதுவும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் இந்தக் கட்டுரை எல்லையைப் பற்றியது அல்ல, வானொலியைப் பற்றியது.

சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு மளிகைக் கடை. அதன் பலகையில் ஒரு மர்பி ரேடியோ. அந்த நாளில் ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் ஆண்டுதோறும் லைசென்சுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது இன்றைய பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும்! மாலையில் சென்னை நிலையத்தின் வயலும் வாழ்வும். பாட்டுக்கு இலங்கை வானொலி. டில்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்திக்கு சரோஜ் நாராயண்சுவாமியின் கணீரென்ற குரல். 1963-இல் தொடங்கிய கடப்பை நிலையம் எங்கள் பக்கத்துச் சமாசாரங்களைத் தெலுங்கில் சொல்லிற்று. அதுவும் எங்களுக்குப் புரியும். ஆகவே குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஆயினும் அரசாங்க வானொலி என்பது அரசாங்கம் சொல்ல விரும்பியதைச் சொல்லும் வானொலி. நெருக்கடி நிலை அமலில் இருந்த 1975 முதல் 1977 வரை அது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. இரவு ஒன்பதே கால் ஆனால் கடைக்காரர் சிற்றலைக்குத் திருப்பி, ஒலியைக் குறைத்து, பி.பி.சி. தமிழோசை வைப்பார். பெரியவர்கள் நாலைந்து பேர் தலையை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பார்கள். இந்தியாவில் என்ன நடக்கிறது என்பதைச் சித்தூர்க்காரர்கள் லண்டனிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் அது. 1941-இல் தொடங்கிய அந்தத் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

இங்கே வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது கே.பி.எப்.ஏ. வானொலி, 94.1. கார் ஓட்டும் அன்பர்கள் எப்போதாவது அதில் அகப்பட்டிருப்பீர்கள். பெர்க்லியிலிருந்து 1949 ஏப்ரல் 15 முதல் ஒலிக்கும் நிலையம். லூயிஸ் ஹில் என்பவர், இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர், தோழர்களோடு சேர்ந்து தொடங்கியது. விளம்பரம் கிடையாது, அரசின் கட்டளை கிடையாது, கேட்பவர்கள் தரும் நன்கொடையில் ஓடுகிறது. வீட்டு வாடகை, போலீஸ் அத்துமீறல், பள்ளிக்கூட வாரியத் தேர்தல், பழங்குடிகளின் வரலாறு, தூரதேசத்துப் போர் என்று எதையும் பேசுவார்கள். எல்லாக் கருத்தும் எனக்கு உடன்பாடானதல்ல. நன்கொடை கேட்கும் நாட்களில் ரேடியோவை உடைத்துவிடலாமா என்றும் தோன்றும். ஆனால் 1999 ஜூலையில் நிலையத்துக்கும் அதன் தலைமை அமைப்பான பசிபிகாவுக்கும் தகராறு முற்றி ஊழியர்களை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியபோது, ஆயிரக்கணக்கான நேயர்கள் பெர்க்லித் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். வானொலி நிலையத்துக்காக மக்கள் தெருவுக்கு வருவதை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

அப்போதிலிருந்தே மனதில் ஒரு கேள்வி: எங்கள் ஊருக்கு இப்படி ஒன்று ஏன் இல்லை?

விடை தேடிப் போனால் அது சட்டத்தில் போய் முட்டுகிறது. 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. நீதிபதி பி.பி. சாவந்த் எழுதிய தீர்ப்பு. அதற்குப் பிறகும் ஏழாண்டு கழித்துத்தான் கல்வி நிலையங்களுக்கு மட்டும் சமுதாய வானொலி உரிமம் தர அரசு இணங்கியது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்.எம். முதலாவதாக ஒலித்தது. தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது 2006 நவம்பரில். திறந்த கதவில் ஒரு தாழ்ப்பாளும் இருந்தது. சமுதாய வானொலி செய்தியோ நடப்பு விவகாரமோ அரசியலோ ஒலிபரப்பக் கூடாது! அகில இந்திய வானொலியின் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். தனியார் எப்.எம். நிலையங்களுக்கும் இதே கதி. குடிநீர், மின்சார விநியோகம், சாலைப் போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு போன்றவை செய்தியில் சேராது என்று 2011-இல் விளக்கம் கொடுத்தார்கள். ஆக, நாளை குழாயில் தண்ணீர் வராது என்று அறிவிக்கலாம். ஏன் வரவில்லை என்று நகராட்சித் தலைவரைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டால் அது நடப்பு விவகாரம் ஆகிவிடும்.

தீவிரவாதிகள் கையில் போய்விடும், நூற்றுக்கணக்கான நிலையங்களைக் கண்காணிக்க முடியாது என்பது அரசு சொல்லும் காரணம். இருபத்து நாலு மணி நேரமும் தொண்டை கிழியக் கத்தும் தொலைக்காட்சிகளுக்கு அனுமதி உண்டு, கைபேசியில் யாரும் எதையும் அனுப்பலாம். பத்து கிலோமீட்டர் தாண்டாத 100 வாட் வானொலிக்கு மட்டும் பயமாம். இந்தத் தடையை எதிர்த்து காமன் காஸ் அமைப்பு 2013-இல் உச்சநீதிமன்றம் போயிற்று. இதே அமெரிக்காவிலும் 2000-இல் சிறு நிலையங்களுக்கு வழி செய்தபோது வைத்த உச்சவரம்பு அதே 100 வாட்தான். ஆனால் பேசும் விஷயத்துக்கு அப்படியொரு பூட்டு இல்லை. நேபாளத்தில் ரேடியோ சாகர்மாதா 1997-இலேயே ஒலிக்கத் தொடங்கியது. 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்து எப்.எம். செய்திகளுக்குத் தடை போட்டபோது, அங்குள்ளவர்கள் செய்தியைப் பாட்டாகப் பாடினார்கள், நாற்சந்தியில் நின்று வாசித்தார்கள்.

தாழ்ப்பாளுக்குள்ளேயும் என்ன செய்ய முடியும் என்பதைத் தெலுங்கு நாட்டிலேயே காட்டியிருக்கிறார்கள். ஜகீராபாத் பக்கம் மாச்சனூர் என்ற சிற்றூர். அன்று மேடக் மாவட்டம், இன்று தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டம். தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள், நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள், 1998-இலிருந்தே ஒலிப்பதிவு செய்யக் கற்றுக்கொண்டு, உரிமத்துக்காகப் பத்தாண்டு காத்திருந்தார்கள். அதுவரை பதிவு செய்த நாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ ஒலித்தது. தொடங்கி வைத்தவர், வானலை பொதுச்சொத்து என்று எழுதிய அதே சாவந்த்! 'ஜெனரல்' நரசம்மா முதலான பெண்கள் மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, ஏட்டுத் தெலுங்கில் அல்ல, தங்கள் வீட்டுத் தெலுங்கில், விதை, கம்பு, சோளம், மருத்துவம், பழைய பாட்டு, பெண் படும் பாடு எல்லாம் பேசினார்கள். அதைச் செய்தி என்று யாரும் தடுக்க முடியவில்லை. கூலி எவ்வளவு, விதை யார் கையில் என்று பேசுவது அரசியலா இல்லையா என்பதை நேயர்களின் தீர்ப்புக்கே விடுகிறேன்.

இப்போது எங்கள் பக்கம் வருகிறேன். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அனைவரும் தமிழர், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக்கிராமங்களிலிருந்து மரம் வெட்டும் கூலிக்கு வந்தவர்கள். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பேருந்தில் வந்தவர்களைப் பிடித்து இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றனர் மனித உரிமை அமைப்பினர். தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியும் சொன்னார்கள். தமிழ்த் தொலைக்காட்சியில் அப்பாவிகள், தெலுங்குத் தொலைக்காட்சியில் கொள்ளையர். அன்றிரவு சித்தூரிலிருக்கும் என் பெரியப்பா மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"இன்னாடா சொல்றது, இங்க யாருக்கும் சரியாத் தெரியல. ரேடியோ போட்டா சினிமாப் பாட்டு. உங்க ஊர்ல ஏதாவது சொல்றாங்களாடா?" என்றார் அண்ணன்.

கலிபோர்னியாவில் இருப்பவனைக் கேட்கிறார், தன் வீட்டிலிருந்து எழுபது கிலோமீட்டரில் நடந்ததை! மளிகைக் கடையில் லண்டனைக் கேட்ட பெரியவர்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். அந்த வட்டாரத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அநேகமாக இயற்கையாக வளராத செம்மரம் அந்தக் காட்டில் வளர்கிறது. அது கடல் தாண்டிப் போய் யாரோ கோடீஸ்வரர் ஆகிறார். வெட்டியவன் ஜவ்வாது மலையில் கடனோடு இருந்தவன். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் பெயர் சொல்லி விளக்க, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை தமிழிலும் தெலுங்கிலும் கேட்க, ஒரு குரல் வேண்டாமா?

பெரிய துக்கம் மட்டுமல்ல, அன்றாடச் சங்கதியும் உண்டு. குப்பம் பக்கம் புல்லூரில் பாலாற்றின் குறுக்கே இருந்த ஐந்தடித் தடுப்பணையை 2016-இல் பன்னிரண்டடியாக உயர்த்தினார்கள். அணைக்கு இந்தப் பக்கம் குப்பத்து விவசாயி, அந்தப் பக்கம் வாணியம்பாடி விவசாயி. இரண்டு வீட்டிலும் தமிழ் கேட்கும். இருவரையும் ஒரே ஒலிப்பெட்டியில் உட்காரவைத்தால் பாதிக் கோபம் குறையும் என்பது என் நினைப்பு. 2025 ஜூனில் எங்கள் மாவட்டத்து பெங்களூரா மாங்காய், கிளிமூக்கு என்பார்களே அதுதான், கேட்பாரற்று விலை விழுந்தது. கூழ் ஆலைகள் கிலோவுக்கு எட்டு ரூபாய் தர வேண்டும், அரசு நாலு ரூபாய் சேர்த்துத் தரும் என்று அறிவித்தார்கள்; கர்நாடக மாங்காய் உள்ளே வரக்கூடாது என்றும் தடுத்தார்கள். ஆலை வாசலில் டிராக்டரோடு இரவும் பகலும் வரிசையில் நின்ற என் மாமாவுக்கு, எந்த ஆலை இன்று எடுக்கிறது, எது மூடிவிட்டது என்று சொல்ல ஆளில்லை. முன்னால் நிற்கும் டிராக்டர்க்காரரிடம் கேட்பார். அவர் தனக்கு முன்னால் நிற்பவரிடம் கேட்பார்.

திருப்பதியில் அகில இந்திய வானொலி நிலையம் இருக்கிறது. நல்ல சங்கீதம் வருகிறது. 2023 மே மாதம் முதல் அதன் பெயரை எல்லா மொழியிலும் ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்து, தமிழ்நாட்டில் 'வானொலி' என்ற சொல்லுக்காக எதிர்ப்புக் கிளம்பியது. எனக்கும் வானொலி என்ற சொல்தான் இனிக்கிறது. ஆனால் பெட்டிக்கு என்ன பெயர் என்பதற்கு எழுந்த குரலில் பாதியாவது, பெட்டிக்குள் என்ன பேசலாம் என்பதற்கு எழுந்திருக்கலாம். 1997-இல் குப்பத்தில் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் போன்ற இடம், நான்கு மொழியும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம், இதற்கெல்லாம் பொருத்தமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

உரிமம் கையில் இல்லாதவர்கள் மாச்சனூர்ப் பெண்கள் செய்ததையாவது செய்யலாமே என்று சென்ற முறை ஊருக்குப் போனபோது ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கையோடு எடுத்துப் போனேன். புத்தூரில் இருக்கும் என் அத்தைக்கு எண்பத்து மூன்று வயது. வகுப்பில் தமிழ் வாத்தியார் போய்த் தெலுங்கு வாத்தியார் வந்த நாள், அப்பாவின் பட்டாவில் எழுத்து மாறிய நாள், திருத்தணியில் பெண் எடுத்த குடும்பம் ஒரே இரவில் 'வேறு மாநிலம்' ஆனது, எல்லாம் சொன்னார். சொல்லும்போது அத்தை பாதி தமிழ், பாதி தெலுங்கு. எது எங்கே மாறுகிறது என்று அவருக்கே தெரியாது. நாற்பது நிமிடம் ஓடுகிறது. நம் சங்கத்தில் சித்தூர், வேலூர், திருத்தணிப் பக்கத்து அன்பர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். இந்த ஆண்டு ஊருக்குப் போகிறவர்கள் இதுபோல் ஒருவரையாவது பேச வைத்துப் பதிவு செய்து வாருங்கள். அத்தையின் பதிவைக் கேட்க விரும்புவோர் ஆண்டு விழாவன்று சிற்றுண்டி மேசைப் பக்கம் என்னைப் பார்க்கலாம். கருவியைக் கொண்டு வருகிறேன்.