தொட்டிக்கும் 'உறை' ஊத்தணும்!

சென்ற கோடை விடுமுறையில், மகன் அடம் பிடித்ததால், கடல் மீன் தொட்டி வாங்கினோம். மதுரையில் கடல் நீருக்கு எங்கே போவது? கடையில் கிடைத்த கடல் உப்புக் கலவையை, லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைத்து, மறுநாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டோம்.

ஐந்தாம் நாள் இரண்டும் செத்து மிதந்தன. 'தண்ணி பளிச்சுன்னு தானம்மா இருந்துச்சு, ஏன் செத்துச்சு?' என்று, சாப்பிடாமல் அழுதான் மகன். எனக்கு பதில் தெரியவில்லை.

ராமநாதபுரத்தில் மீன் வளர்க்கும் என் சித்தப்பா தான் விளக்கினார்...

'மீன் கழிவுல இருந்து அம்மோனியாங்கிற விஷம் வரும். அதை நைட்ரைட்டா மாத்தி, அப்புறம் அவ்வளவா கெடுதல் இல்லாத நைட்ரேட்டா மாத்துற நுண்ணுயிர், புதுத் தொட்டியில இருக்காது தாயி. பாலுக்கு உறை ஊத்திட்டுக் காத்திருக்கோமில்ல, அது மாதிரி தான்...' என்றார்.

அவர் தொட்டியின் பழைய ஃபில்டர் பஞ்சையே 'உறை'யாக வைத்து, மீன் இல்லாமலே, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் மட்டும் போட்டு வந்தோம். ஐந்து வாரம் கழித்து, சோதனைத் திரவத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம் என்று தெரிந்த பின்னரே, மீன் விட்டோம். வெயிலில் நீர் வற்றினால், நல்ல தண்ணீரே ஊற்றுகிறோம், உப்பு வற்றாதே!

தோழியரே... கடைக்காரர், 'இன்னைக்கே விடலாம்' என்றாலும், சோதிக்காமல் மீன் விடாதீர்கள். வாயில்லா ஜீவன், பாவம்!

— ஒரு வாசகி, மதுரை.