கோடையில் கோழிகளைக் காப்பாற்றுவோம்



சித்திரை பிறந்தால் போதும், நம்ம கரூர்ப் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கும். நாம் மோர் குடிக்கிறோம், நுங்கு சாப்பிடுகிறோம், ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொள்கிறோம் (கரண்ட் இருந்தால்!). வாசலில் மேயும் கோழி என்ன செய்யும் என்று யோசித்தீர்களா? எங்கள் வீட்டில் ஏழு பெட்டையும் ஒரு சேவலும் இருக்கின்றன. என் நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் அம்மா முட்டை விற்ற காசில் வாங்கியவைதான். அதனால் எனக்கு இது பெரிய விஷயம்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. நம் உடம்புச் சூடு 37 டிகிரி செல்சியஸ். கோழிக்கு எப்போதுமே சுமார் 41 டிகிரி. அது காய்ச்சல் இல்லை, அதன் இயல்பே அதுதான். சூடு எப்போதும் சூடான பொருளில் இருந்து குளிர்ந்த பொருளுக்குத்தான் போகும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது கோழியின் சூடு எங்கே போகும்? அதனால்தான் மத்தியானத்தில் வாயைப் பிளந்துகொண்டு, றெக்கையை உடம்போடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வேகமாக மூச்சு விடும்போது வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரம் ஆவியாகி, உடம்புச் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அப்பத்தான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கோடையில் முட்டை ஓடு மெலிசாகி, கையில் எடுத்தாலே நொறுங்கும். "கோழிக்குச் சூடு புடிச்சுக்கிச்சு" என்பார் அப்பாயி. அவர் சொல்வது சரிதான். முட்டை ஓட்டில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். கோழி ஓயாமல் இளைக்கும்போது ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியே போய்விடுகிறது. ஓடு உருவாகத் தேவையான கார்பனேட் குறைந்துபோகிறது. தீனியும் சரியாக எடுக்காது. அதனால் முட்டையும் குறையும், ஓடும் மெலியும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் நிழல். நிழல் ஓர் இடத்தில் நிற்காது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போன வருசம் எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் காலையில் வேப்பமரத்து நிழலில் கொடாப்பு போட்டு மூடிவிட்டுக் களை வெட்டப் போனார். (கொடாப்பைச் சில ஊர்களில் பஞ்சாரம் என்பார்கள்.) காக்காய், பருந்து தூக்கிடுமே என்ற பயம் அவருக்கு. பன்னிரண்டு மணிக்கு நிழல் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. அவர் திரும்பி வந்து தூக்கிப் பார்த்தபோது தாய்க்கோழி செத்துக் கிடந்தது. இரண்டு குஞ்சுகள்தான் பிழைத்தன. எனவே கொடாப்பு போடுவதாக இருந்தால் நாள் பூராவும் நிழல் உள்ள இடமாக, கொட்டகைக்கு உள்ளே போடுங்கள். உச்சி வேளையில் யாராவது ஒரு நடை போய்ப் பாருங்கள்.

தகரக் கூரை போட்ட கூடு என்றால் மேலே தென்னங்கீற்று, இல்லாவிட்டால் சோளத்தட்டு கனமாகப் பரப்ப வேண்டும். எங்கள் கூட்டுக்கு அப்பா அப்படித்தான் செய்திருக்கிறார்.

தண்ணீரை மண் சட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் குண்டானில் வைத்தால் அரைமணி நேரத்தில் வெந்நீர்தான். கோழி ஒருவாய் குடித்துவிட்டுப் போய்விடும். மண் சட்டியில் கசியும் நீர் ஆவியாவதால் உள்ளே இருப்பது குளிர்ச்சியாக இருக்கும். ஒரு பெரிய கோழி சாதாரணமாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய கால் லிட்டர் குடிக்கும். நல்ல வெயிலில் இரண்டு மடங்கு ஆகிவிடும். காலை பத்து மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் தண்ணீர் மாற்றுவது எங்கள் வீட்டில் தம்பி வேலை. குஞ்சு இருந்தால் சட்டிக்குள் கூழாங்கல் போடுங்கள், விழுந்து சாகாது.

தீனி செரிக்கும்போதும் உடம்பில் சூடு உண்டாகும். ஆகவே கம்பு, சோளம், நொய் எதுவானாலும் விடிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுவது நல்லது. மத்தியானத்தில் கீரைத்தண்டு, தர்பூசணித் தோல் போட்டால் போதும்.

ஈரச்சாக்கு கட்டுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காற்று வரும் பக்கம் மட்டும் கட்டுங்கள். சுற்றிலும் மூடினால் உள்ளே காற்று ஈரமாகி அப்படியே நிற்கும். அப்புறம் கோழி எவ்வளவு இளைத்தாலும் ஈரம் ஆவியாகாது, இன்னும் புழுங்கும். பொடக்காணியில் வாழை அடியில் கோழி குழி பறித்துப் படுத்தால் விரட்டாதீர்கள். அடியில் உள்ள ஈரமண் குளுமையாக இருக்கும். (எங்கம்மாவிடம் இதைச் சொல்ல முடியவில்லை. வாழைதான் முக்கியமாம்!)

கோழி தலை தொங்கிச் சுருண்டு விழுந்தால் உடனே நிழலுக்குத் தூக்குங்கள். காலையும் கொண்டையையும் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். அலகு ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தால் அதுவே விழுங்கும். ஆனால் கழுத்து திருகிக்கொண்டு, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தால் அது வெயில் இல்லை, வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். அதற்கு முன்கூட்டியே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட வேண்டும்.

சாயங்காலம் கூட்டை அடைக்கும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். தகரமும் சுவரும் பகல் சூட்டை வைத்திருந்து ராத்திரி விடும். அனலாக இருந்தால் பலகைக் கதவுக்குப் பதில் கம்பி வலை வையுங்கள், கீரியும் நுழையாது, காற்றும் வரும். எங்கள் கூட்டுக்கு வலை இன்னும் வாங்கவில்லை. முட்டைக் காசு சேர்ந்ததும் வாங்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதுவரை பழைய சல்லடையைச் சைக்கிள் ட்யூபால் கட்டி வைத்திருக்கிறோம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி