எந்தப் புத்தகத்தை முதலில் வாங்குவது?

வியாபாரத்துக்கு உதவும் நூல் தேடுவோர் முன் இன்று இரண்டு வகைகள் நிற்கின்றன. ஒன்று பொருள் வடிவமைப்பு. மற்றது, வாங்குபவரின் மனப்போக்கை ஆராயும் நடத்தைப் பொருளியல். இரண்டுக்கும் நேரமில்லாத கடைக்காரர், அன்றாடப் பொருட்களின் வடிவமைப்புப் பற்றி டொனால்ட் நோர்மன் 1988இல் எழுதி, 2013இல் திருத்தி வெளியிட்ட நூலில் தொடங்குவதே நல்லது என்பது நமது அபிப்பிராயம். இழுக்க வேண்டிய கதவை ஒருவர் தள்ளினால், பிழை அவருடையதல்ல, கதவினுடையது என்கிறார் நோர்மன். விலை எழுதாத இறாக்கையும், உள்ளே என்ன சாமான் என்று தெரியாத பெட்டியும் அப்படிப்பட்ட கதவுகள்தாம். நாளைக்கே திருத்தலாம், செலவும் சொற்பம்.

நடத்தைப் பொருளியல் சாமானியமானதல்ல. டேனியல் கானமன் 2002இலும் ரிச்சர்ட் தேலர் 2017இலும் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் படித்ததை அப்படியே கடைக்குள் கொண்டுவருவதில்தான் நட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 24 வகை ஜேம் வைத்த மேசையருகே நின்றவர்களில் நூற்றுக்கு 3 பேரே வாங்கினர். 6 வகை வைத்தபோது 30 பேர். இதை நம்பி இறாக்கையைக் காலி செய்துவிடாதீர்கள். இத்தகைய பல ஆய்வுகளை 2010இல் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறக்குறையப் பூச்சியம்! புடைவைக் கடைக்கு வருபவர் பத்து நிறம் கேட்பார் என்பது உங்களுக்குத் தெரியாததா? சந்தேகமிருந்தால் ஓர் இறாக்கையில் மாத்திரம் இரண்டு வாரம் வகைகளைக் குறைத்துவிட்டு விற்பனைக் கொப்பியைப் பாருங்கள்.