ஸ்கேன் அறிக்கையில் ஒரு வளையம்

வலிப்பு வந்த பிள்ளையின் ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "டாக்டர், இது மூளைக் கட்டியா?" என்று கேட்கும் பெற்றோரைச் சென்னீர்குப்பம், பூந்தமல்லிப் பக்கங்களிலிருந்து நாங்கள் காண்கிறோம். அறிக்கை சொல்வதோ ஒரு வரிதான்: மருந்து செலுத்தியபின் வளையம்போல் ஒளிரும் சிறு புள்ளி.

இத்தகைய புள்ளிகளைக் காசநோய்க் கட்டி என்று கருதி, மாதக்கணக்கில் அதற்கே மருந்து கொடுத்துவந்த காலம் ஒன்று இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் சிலவற்றை அறுவை செய்து எடுத்து ஆராய்ந்தனர். பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவக் கூடுகளே என்று 1991இல் எழுதினர்.

"நாங்கள் சைவமாயிற்றே?" என்பார்கள். சரியாக வேகாத பன்றி இறைச்சியால் புழு குடலில்தான் வளரும். மூளையில் கூடு உண்டாவது அப்புழுவின் முட்டையால். அது கழுவாத கை, அசுத்தமான நீர், பச்சைக் காய்கறி வழியாக யாருக்கும் வரலாம்.

புள்ளி ஒன்றே ஒன்றாய், 20 மி.மீ.க்குள் இருந்து, நரம்புப் பரிசோதனையும் இயல்பாக இருந்தால், உடனே அறுவை தேவைப்படுவதில்லை. பலருக்குச் சில மாதங்களில் அது சுருங்கி மறைகிறது. சிலருக்குச் சுண்ணாம்புத் தழும்பாக நின்றுவிடும். ஆகவேதான் மறுபடியும் ஸ்கேன் கேட்கிறோம். செலவு வைப்பதற்காக அன்று. வரும்போது பழைய படத்தையும் கொண்டுவாருங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது.

தொடர் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை இருந்தால் கணக்கு வேறு, அன்றே வாருங்கள். புள்ளி மறைந்துவிட்டது என்று வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.