முள் இல்லாத நெருஞ்சில்

மழை ஓய்ந்து பத்து நாள் ஆன மணல் தரிசு. ஈரம் மேலே காய்ந்துவிட்டது. விரலால் கிளறினால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே இன்னும் குளிர்ச்சி இருக்கிறது. அங்கே தரையோடு தரையாக ஒரு செடி படர்ந்திருக்கிறது. நடுவில் ஒரே வேர். அதிலிருந்து எட்டுப் பத்துக் கிளைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நாலாபுறமும் ஓடுகின்றன. மொத்தச் செடியும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான். இலைக் கக்கங்களில் பச்சைப்பயறு அளவுப் பூக்கள் நெருக்கமாகக் கொத்துக் கட்டியிருக்கின்றன. நின்று பார்த்தால் இளஞ்சிவப்புப் பொட்டுகள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தால், புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடத்தின் நிறம்.

ஊரில் கேட்டால் விவரம் அறிந்த பெரியவர்கள் 'செப்பு நெருஞ்சில்' என்பார்கள். நெருஞ்சில் என்றதும் நம் கால் தானாகப் பின்வாங்கும். ஆனால் இந்தச் செடியை உள்ளங்கையால் தடவிப் பார்க்கலாம். ஒரு முள்கூடக் குத்தாது. முள்ளே இல்லாத செடிக்கு நெருஞ்சில் என்ற பெயர் எப்படி வந்தது? இந்தக் கேள்வியிலிருந்துதான் ஒரு செடியை அறிந்துகொள்ளும் வேலை தொடங்குகிறது.

தமிழில் நெருஞ்சில் என்ற பெயரில் மூன்று செடிகள் உண்டு. முதலாவது, காலைப் பதம் பார்க்கும் சிறு நெருஞ்சில். ஐந்து இதழ் கொண்ட மஞ்சள் பூ. காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் கூரிய முள். பூவாக இருக்கும்போது கண்ணுக்கு இனியது, பின்னால் அதுவே முள்ளைத் தரும் என்பதைக் குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் உவமையாக்கியிருக்கிறார். முள் தண்டில் முளைப்பதில்லை, பூதான் முள்ளாகிறது என்பதைக் கூர்ந்து பார்த்தவரின் உவமை அது. இரண்டாவது, யானை நெருஞ்சில். பெரிய மஞ்சள் பூ, சதைப்பற்றான இலை, மூலைக்கொரு முள்ளாக நான்கு முள் கொண்ட காய். அதன் தழையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும். மூன்றாவதுதான் நம்முடைய செப்பு நெருஞ்சில்.

இந்த மூன்றும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டாலும் ஒன்றுக்கொன்று உறவு கிடையாது. சிறு நெருஞ்சில் தனிக் குடும்பம். யானை நெருஞ்சில் எள்ளின் குடும்பம். செப்பு நெருஞ்சில் அவரை, துவரை, நிலக்கடலை எல்லாம் சேர்ந்த அவரைக் குடும்பம். நம் முன்னோர் சிறு நெருஞ்சிலையும் செப்பு நெருஞ்சிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் மணலில் படர்கின்றன. இரண்டுக்கும் சின்னஞ்சிறு இலைகள் வரிசையாகச் சேர்ந்த கூட்டிலை. இரண்டும் பட்டுப்போன்ற வெண்மயிர் போர்த்தவை. தோற்றத்தை வைத்து 'நெருஞ்சில்' என்றார்கள். பூவின் நிறத்தை வைத்துச் 'செப்பு' என்று பிரித்தார்கள். அன்றாடப் புழக்கத்துக்கு அது போதும். உறவு தெரியவேண்டுமானால் இன்னும் நெருங்கிப் போகவேண்டும்.

நெருங்கிப் போவதற்குப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் போதும். பிறகு செடியிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கலாம்.

முதல் கேள்வி இலையைப் பற்றியது. சிறு நெருஞ்சிலில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கூட்டிலைகள் எதிரெதிரே நிற்கும். அவற்றின் சிற்றிலைகளும் சோடி சோடியாக இருக்கும். செப்பு நெருஞ்சிலில் கணுவுக்கு ஒரு கூட்டிலைதான். சிற்றிலைகளும் சோடியாக இல்லாமல், படியேறுவதுபோல இடம் வலமாக மாறி மாறி அமைந்திருக்கும். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஒன்பது வரை. பூ இல்லாத காலத்திலும் இந்த ஓர் அடையாளத்தை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம்.

இரண்டாவது கேள்வி பூவைப் பற்றியது. அவரைப் பூவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. மேலே நிமிர்ந்து நிற்கும் ஓர் இதழ், அதற்குக் கொடி என்று பெயர். இருபுறமும் இரண்டு சிறகுகள். கீழே இரண்டு இதழ் சேர்ந்து ஒரு படகு. அந்தப் படகுக்குள் பத்து மகரந்தத் தாள்களும் சூலகமும் மறைந்திருக்கும். அவரைப் பூவில் இருக்கும் அத்தனை உறுப்பும் இந்தப் பயறளவுப் பூவிலும் ஒன்று குறையாமல் இருக்கின்றன.

இப்போது ஒரு சோதனை செய்யலாம். அன்று காலை மலர்ந்த, இன்னும் வண்டு தொடாத பூ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஊசி முனையால் படகை மெல்லக் கீழே அழுத்துங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் சிறகும் படகும் கீழே சரியும். உள்ளே மடக்கி வைத்திருந்த மகரந்தத் தாள்களின் குழல் வில்லின் நாண் அறுந்ததுபோல மேலே துள்ளி நிற்கும். படகின் இருபுறமும் உள்ள சிறு முளைகள் சிறகுகளோடு கோத்து, இந்த விசையைப் பிடித்து வைத்திருக்கின்றன. பூவில் வந்து அமரும் தேனீயின் எடைதான் அந்தக் கொக்கியை விடுவிக்கிறது. துள்ளும் குழல் தேனீயின் வயிற்றில் மகரந்தத்தைப் பூசிவிடும். ஒரு பூவுக்கு இது ஒரே ஒரு முறைதான். விடுபட்ட விசை திரும்ப மாட்டிக்கொள்ளாது. மதியத்தில் செடியைப் பார்த்தால் எந்தப் பூவுக்கு விருந்தாளி வந்து போயிற்று, எது இன்னும் காத்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது கேள்வி மயிரைப் பற்றியது. சாதாரணமாகச் செடியின் மயிர் அடியில் ஊன்றி, நுனி வெளியே நீட்டியிருக்கும். இந்தச் செடியின் மயிரோ நடுவில் ஊன்றி, இரு முனைகளும் இரு பக்கம் படுத்திருக்கும். தோளில் வைத்த காவடித் தண்டைப் போல. இலையைச் சற்றுச் சாய்த்து வெயிலில் பிடித்தால் கண்ணாடிக்குள் இது தெளிவாகத் தெரியும். அவரைக் குடும்பத்தில் இப்படிப்பட்ட மயிர்தான் அவுரி இனத்தின் முத்திரை. அதே மணலில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து பூக்கும் கொழிஞ்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. அதற்கு வேறொரு வழி இருக்கிறது: கொழிஞ்சியின் சிற்றிலையை நுனியைப் பிடித்து இழுத்தால், நரம்புகளின் போக்கில் அம்பு முனையைப் போலப் பிளந்து வரும்.

அவுரி என்றதும் நமக்கு நீலச் சாயம் நினைவுக்கு வரும். திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகும் அவுரியும் இந்தச் செடியும் ஒரே பேரினம். அதன் அறிவியல் பெயர் இண்டிகோஃபெரா. நீலத்தைத் தருவது என்று பொருள். உலகெங்கும் ஏறக்குறைய 750 சிற்றினங்கள் இதில் உள்ளன. அவை எல்லாமே சாயம் தருபவை இல்லை. நம் ஊரில் சித்த மருத்துவர்கள் தேடும் சிவனார் வேம்பும் இந்தப் பேரினம்தான். அதற்கும் வேம்புக்கும் தொடர்பு கிடையாது. சிவனார் வேம்பின் பூவும் இளஞ்சிவப்பு. ஆனால் அதன் மெல்லிய சிற்றிலைகள் மூன்றிலிருந்து ஐந்து வரை ஒரே புள்ளியிலிருந்து விரல்போல விரியும். பூ தனித்தனியாக நிற்கும். செப்பு நெருஞ்சிலில் பூ கொத்தாக வரும். காய் அரிசியைவிடச் சற்றே பருத்து, உள்ளே இரண்டே விதைகளோடு இருக்கும்.

இத்தனை கேள்விக்கும் விடை கிடைத்தபின் பெயரைச் சொல்லலாம்: இண்டிகோஃபெரா லின்னேயி. ஒன்பது இலை என்ற பொருளில் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இதற்கு 'என்னியாஃபில்லா' என்று பெயர் வைத்தார். பெயரிடல் விதிகளின்படி அது செல்லாது என்று கண்டு, 1958இல் அலி என்ற தாவரவியலாளர், லின்னேயஸின் பெயரையே செடிக்குச் சூட்டினார். பழைய நூல்களில் முன்னது இருக்கும். இரண்டும் ஒரே செடிதான். நம் பகுதிச் செடிகளைப் பெயர் கண்டறிய 1915இல் கேம்பிள் வெளியிடத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரத் தொகுதியும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரகத்தை நிறுவிய அருட்தந்தை கே. எம். மேத்யூவின் 'தமிழ்நாடு கர்நாட்டிக்' தாவரத் தொகுதியும் துணை நிற்கின்றன. அவற்றில் உள்ள திறவுகோல்கள், நாம் மேலே கேட்டதைப் போன்ற கேள்விகளின் வரிசைதான். ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டே போனால் கடைசியில் ஒரு பெயரில் போய் நிற்போம்.

உறவு தெரிந்தால் என்ன கிடைக்கிறது? முதலில், இந்தச் செடி மணலில் எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு விடை கிடைக்கிறது. மணலில் தழைச்சத்து தங்காது. மழை வந்தால் அடித்துப் போய்விடும். ஆனால் அவரைக் குடும்பத்துச் செடிகள் வேரில் முடிச்சுகளைக் கட்டி, ரைசோபியம் பாக்டீரியாக்களுக்கு இடம் கொடுக்கின்றன. செடி சர்க்கரை தருகிறது. பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் சத்தாக மாற்றித் தருகிறது. நன்றாக வேலை செய்யும் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்துடையது. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு அது உறவு என்பதை 1939இல் ஜப்பானிய அறிஞர் கூபோ கண்டறிந்தார். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். இந்தப் புரதம் ஆக்சிஜனைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு அளந்து கொடுக்கிறது. செப்பு நெருஞ்சில் மண்ணுக்கு மேலே பூவிலும் சிவப்பு, மண்ணுக்குக் கீழே வேரிலும் சிவப்பு.

உறவு தெரிவதால் இன்னொன்றும் தெரிகிறது, அது எச்சரிக்கை. இந்தச் செடி ஆசியாவோடு நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளிலும் இயல்பாக வளர்கிறது. அங்கே குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தென்மேற்கு ஓரத்தில், பாலைவனத்தின் விளிம்பில் பேர்ட்ஸ்வில் என்று ஒரு சிற்றூர். அந்தப் பகுதிக் குதிரைகளுக்கு ஒரு நோய் வரும். குதிரை சோர்ந்துபோகும், பின்னங்கால் குளம்பின் நுனி தரையில் உரசும்படி இழுத்து இழுத்து நடக்கும். ஊரின் பெயரே நோய்க்குப் பெயராயிற்று. காரணம் இந்தச் சிறு செடி. மற்றப் புல் காய்ந்துவிட்ட வேளையில் பச்சையாக இருப்பது இதுதான் என்பதால் குதிரைகள் வாரக்கணக்கில் இதையே மேய்ந்திருந்தன.

செடியில் இரண்டு நஞ்சுகள் உண்டு. ஒன்று நரம்பைத் தாக்கவல்ல நைட்ரோ சேர்மம். இன்னொன்று இண்டோஸ்பிசின் என்ற அமினோ அமிலம். இது முதலில் இதே பேரினத்தின் வேறொரு செடியில் கண்டறியப்பட்டு 1968இல் வெளியிடப்பட்டது. உடலுக்குத் தேவையான ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைப் போலவே உருவம் கொண்டதால், அதன் இடத்தில் புகுந்து வேலையைக் கெடுக்கிறது. மேய்ந்த விலங்கின் தசையிலும் தங்கிவிடுகிறது. அப்படி மேய்ந்த குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின் இறைச்சியைத் தின்ற நாய்கள் ஈரல் கெட்டு இறந்திருக்கின்றன. செடியையே பார்த்திராத நாய்க்கு அந்தச் செடியின் நஞ்சு போய்ச் சேர்கிறது. குதிரைகளுக்கு ஆர்ஜினின் மிகுந்த தீவனங்களை அங்கே கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று கடலைப் புண்ணாக்கு. நஞ்சைத் தந்ததும் அவரைக் குடும்பம், அதற்கு எதிராகக் கைகொடுத்ததும் அவரைக் குடும்பம்.

இதனால்தான் பெயரை மட்டும் நம்பிச் செடியைப் பறிப்பது ஆபத்து என்று அழுத்திச் சொல்கிறேன். நெருஞ்சில் கஷாயம் நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒருவர் தரிசில் இறங்கினால் அவர் கையில் எந்த நெருஞ்சில் வரும்? மஞ்சள் பூவா, செப்புப் பூவா? மூன்றும் வெவ்வேறு குடும்பம். மூன்றுக்குள்ளும் இருக்கும் வேதிப்பொருள் வேறு. செப்பு நெருஞ்சிலுக்கும் நாட்டு மருத்துவத்தில் இடம் உண்டு; அதை எப்போது, எவ்வளவு என்று தீர்மானிக்கவேண்டியவர் பயின்ற மருத்துவர்.

அடுத்த மழைக்குப் பிறகு பக்கத்தில் உள்ள மணல் தரிசுக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். காலை எட்டு மணிக்குள் போனால் பூ புதிதாக இருக்கும். ஒரு பூதக்கண்ணாடி, ஓர் ஊசி, ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். இலை எதிரெதிரா, மாறி மாறியா என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லவிடுங்கள். செடியைப் பிடுங்கவேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் தெரியும். பெயர் உறுதியாகாத எந்தச் செடியையும் வாயில் வைக்கவேண்டாம்.