படுக்கையில் கழியும் ஆண்டுகளுக்குக் காப்பு உண்டா?

கொல்லிமலை அடிவாரத்தில், துறையூர் வட்டத்தில் உள்ள புளியஞ்சோலை போன்றதோர் ஊரில், மிளகு பறிக்க மரமேறியவர் தவறி விழுந்து முதுகுத்தண்டு முறிந்தால், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கக்கூடும். அவர் இறந்தால் ஆயுள் காப்பீட்டுத் தொகை நாமினிக்குக் கிடைக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே, அவரைக் குளிப்பாட்டவும் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கவும் வீட்டில் ஒருவர் கூலிக்குப் போகாமல் இருக்க வேண்டிய ஆண்டுகள்தாம் காப்பின்றி விடப்படுகின்றன.

அமெரிக்காவில் இந்த இடைவெளியை நிரப்ப விற்கப்படுவது நீண்டகாலப் பராமரிப்பு ரைடர். ரைடர் என்பது, கூடுதல் பிரீமியம் செலுத்தி அடிப்படைப் பாலிசியோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் காப்பு. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறை செல்லுதல், மலசலத்தை அடக்குதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் இரண்டையேனும் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாத நிலை குறைந்தது 90 நாட்கள் நீடிக்குமென்று மருத்துவர் சான்றளித்தால், அல்லது கடுமையான மறதிநோய் உறுதியானால், இறப்புத் தொகையின் ஒரு பகுதி மாதந்தோறும் முன்கூட்டியே தரப்படும். அந்த அளவுக்கு நாமினி பெறும் தொகை குறையும். சிங்கப்பூரோ இதை ரைடராக விடாமல், 2020இல் ‘கேர்ஷீல்டு லைஃப்’ என்ற தனித் திட்டமாக்கி, இத்தகைய ஆறு செயல்களில் மூன்று இயலாதவருக்கு, அந்நிலை நீடிக்கும்வரை மாதத் தொகை வழங்குகிறது.

இந்தியாவில் இத்தகைய ரைடர் பரவலாகவில்லை. எல்.ஐ.சி.யின் விபத்து மரணம் மற்றும் ஊன ரைடர், விபத்தால் 180 நாட்களுக்குள் நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டால், காப்புத் தொகையைப் பத்தாண்டுகளுக்கு மாதத் தவணையாகத் தருகிறது. மரத்திலிருந்து விழுந்தவருக்கு இது உதவலாம், பக்கவாதத்தில் விழுந்தவருக்கு உதவாது. தீவிர நோய் ரைடர்கள் பக்கவாதத்தை ஏற்றாலும், நரம்புப் பாதிப்பு மூன்று மாதமாவது நீடித்ததற்குச் சான்று கேட்கின்றன. பெரும்பாலும் ஒரே தொகையாகக் கொடுத்து முடித்துக்கொள்கின்றன.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறைச் சிகிச்சையையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது; கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. இவை துணையே தவிர, இழந்த கூலிக்கு ஈடல்ல.

ஆகவே ரைடர் வாங்குபவர், தொகை எவ்வளவு என்பதற்கு முன், எது நடந்தால் பணம் வரும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எந்த வயதோடு காப்பு முடிகிறது என்ற மூன்றையும் பத்திரத்தில் படித்தறிய வேண்டும். நிபந்தனை ஒவ்வாதெனில், பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பியளிக்க விதிகள் இடந்தருகின்றன.