தூய காற்று யாரைக் கொல்லும்?

ஹயாவோ மியாசாகியின் 'காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா' திரைப்படத்தை (1984) மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது பாதிக் கதைகூட இல்லை. அதன் மூலமான மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) 1982இல் 'அனிமேஜ்' இதழில் தொடங்கி, விட்டு விட்டு வந்து, 1994இல்தான் முடிந்தது. மொத்தம் 7 தொகுதிகள். படம் ஏறக்குறைய இரண்டாம் தொகுதியோடு நின்றுவிடும். அறிவியல் ஆர்வலர்களுக்கான தீனியோ கடைசித் தொகுதியில் இருக்கிறது. முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச வழியில்லை. இனிமேல் படிக்கப்போகிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

'ஏழு நாள் நெருப்பு' என்ற போரில் தொழில் நாகரிகம் அழிந்து 1000 ஆண்டுகள் ஆகின்றன. நிலத்தைப் பூஞ்சைக் காடு விழுங்கிக்கொண்டு வருகிறது. முகமூடி இல்லாமல் உள்ளே போனால் நுரையீரல் அழுகிவிடும். அந்தக் காடு மண்ணின் நஞ்சை உறிஞ்சிச் சுத்தப்படுத்துகிறது என்பது படம் தரும் ஆறுதல். மாங்காவின் இறுதியில் அந்த ஆறுதலும் பறிபோகிறது. காடு தானாக முளைத்ததல்ல. பழைய உலகத்தார் வடிவமைத்து விட்டுப்போனது. தப்பிப் பிழைத்த மனிதர்களின் உடலையும் நஞ்சைத் தாங்கும்படி அவர்களே மாற்றிவிட்டார்கள். காடு தன் வேலையை முடித்துக் காற்று தூய்மையாகும் நாளில், இப்போதிருப்பவர்கள் இரத்தம் கக்கிச் சாவார்கள். அந்தத் தூய உலகில் குடியேற வேறொரு மனித இனம், ஷுவா நகரின் பாதாளக் கல்லறையில் முட்டைகளாகக் காத்திருக்கிறது. கதையின் நாயகி நௌசிகா அந்தக் கல்லறையைத் தகர்க்கிறாள்.

இந்தக் காட்டின் வேர் கற்பனையில் மட்டும் இல்லை. ஜப்பானின் கியூஷு தீவிலுள்ள மினமாட்டா விரிகுடாவில், சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. வினையூக்கி பாதரசம். பக்கவிளைவாக உருவான மீத்தைல் பாதரசம் கழிவோடு கடலுக்குப் போய், மீன் வழியாக மனித மூளைக்கு வந்தது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956இல். காரணம் ஆலைதான் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல். நடுவில் 12 ஆண்டுகள்! பிடிக்க ஆளில்லாததால் அங்கே மீன்கள் பெருகின என்ற செய்தி தன்னை உலுக்கியதாக மியாசாகி சொல்லியிருக்கிறார்.

ஆனால் மினமாட்டாவைச் சுத்தம் செய்தது காடல்ல, எந்திரம். 1977 முதல் 1990 வரை சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேற்றை அள்ளி, 58 ஹெக்டேர் புதுநிலத்தின் அடியில் புதைத்தார்கள். பாதரசம் அங்கேதான் இருக்கிறது. அது தனிமம், அதை அழிக்க எந்த உயிரியாலும் முடியாது. சில பாக்டீரியாக்கள் மீத்தைல் பாதரசத்தை வெட்டி, பாதரச ஆவியாக்கி வெளியே விடும். மண்ணின் நஞ்சு காற்றுக்குப் போகிறது, அவ்வளவுதான். 'டெரிஸ் விட்டாட்டா' என்னும் பெரணி ஆர்சனிக்கை மண்ணிலிருந்து உறிஞ்சி இலைகளில் குவிப்பதை 2001இல் அறிவித்தார்கள். நல்லது, அந்த இலைகளை எங்கே கொட்டுவது? 2011 அணுஉலை விபத்துக்குப் பின் ஃபுகுஷிமாவில் நம்பிக்கையோடு சூரியகாந்தி விதைத்தார்கள். அது எடுத்த சீசியம் சொற்பம். கடைசியில் மேல்மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டத்தான் வேண்டியிருந்தது.

கரிமச் சேர்மங்களின் கதை வேறு. மரத்தின் லிக்னினைச் சிதைக்கும் வெண்ணழுகல் பூஞ்சைகள், எண்ணெய்க் கழிவின் சில நச்சு மூலக்கூறுகளையும் உடைத்துவிடும். ஆக, பூஞ்சையைத் தேர்ந்தெடுத்ததில் மியாசாகிக்கு மதிப்பெண் உண்டு. உலோகங்களை என்ன செய்வது என்பதற்கும் விடை வைத்திருக்கிறார்: மரங்கள் நஞ்சைப் படிகமாக்கி, கல்லாகி, மணலாக உதிர்கின்றன. நகராதபடி பூட்டிவைப்பது இன்றைய பொறியாளர்களும் கையாளும் வழி.

உடல் மாறுமா? மாறும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், தொழிற்கழிவு நிறைந்த கழிமுகங்களில் வாழும் கில்லிஃபிஷ் மீன்கள், சாதாரண மீனைக் கொல்லும் அளவைப் போல 8,000 மடங்கு வரை நஞ்சைத் தாங்குவதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. சில பத்தாண்டுகளில் நடந்த மாற்றம் இது. மனிதர்களிலும் உண்டு. அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலையூரான சான் அந்தோனியோ தே லோஸ் கோப்ரெஸில், குடிநீரின் இயற்கையான ஆர்சனிக் லிட்டருக்குச் சுமார் 200 மைக்ரோகிராமாக இருந்துவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10. அங்குள்ளவர்களிடம், ஆர்சனிக்கை வேகமாக வெளியேற்ற உதவும் மரபணு வடிவம் மிகுதியாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. மீனுக்கு ஓரிரு ஆண்டு ஒரு தலைமுறை. நமக்கு 1000 ஆண்டு என்பது 40 தலைமுறைதான். மரபணுவில் கைவைத்த பழைய உலகத்தார் கதைக்குத் தேவைப்பட்டது அதனால்தான்.

எனக்கு இடிக்கிற இடம் ஒன்று உண்டு. நஞ்சைத் தாங்குவது வேறு, நஞ்சில்லாமல் சாவது வேறு. ஆர்சனிக் இல்லாத தண்ணீர் அந்த மலையூர்க்காரர்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. தூய காற்று கொல்ல வேண்டுமானால், நஞ்சு உடலின் இயக்கத்துக்கே எரிபொருளாகியிருக்க வேண்டும். பூமியில் அப்படி நடந்திருக்கிறது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சை பாக்டீரியாக்கள் கழிவாக வெளியேற்றிய ஒரு வாயு காற்றில் சேரத் தொடங்கியது. அதுவரை இருந்த பல உயிரிகளுக்கு அது கொடிய நஞ்சு. தாங்கப் பழகியவற்றின் வழித்தோன்றல்கள் அதையே மூச்சாக்கிக்கொண்டன. அந்த வாயு ஆக்சிஜன். அது பட்டால் சாகும் பாக்டீரியாக்கள் இன்றும் சதுப்புச் சேற்றிலும் நம் குடலிலும் இருக்கின்றன.